தெருவிலிருந்து அமைச்சரவைக்கு: யோஷ்கா பிஷரின் வரலாறு

கொள்கையாளர் பதவி ஏற்கலாமா? ஏற்றால் கொள்கை நிலைக்குமா, பதவிதான் நிலைக்குமா? இவ்வினா மன்னர் காலத்திலும் இருந்தது. மக்களாட்சிக் காலத்திலும் இருந்து வருகிறது. பெரிய நாடுகளின் அரசியலில் மட்டுமன்றி, முந்நூறு குடும்பங்கள் வாழும் ஓர் இரயில்வே காலனியிலும் அது எழுவதுண்டு. நம் காலனியில் அது எழுந்த வரலாற்றை இக்கட்டுரையின் முடிவில் கூறுவோம். அதற்கு முன், கடல் கடந்த ஜெர்மனி நாட்டில் இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்து நடந்த ஒருவரைச் சங்கத்து அன்பர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகின்றோம். அவர் பெயர் யோஷ்கா பிஷர். பசுமைக் கட்சியின் சார்பில் ஜெர்மனியில் முதன் முதலாக அமைச்சரானவர் அவரே.

நாம் பட்டம் பெற்றவரல்லோம். மெட்ரிக்குலேஷன் தேறிப் பார்சல் ஆபீசில் இரசீது எழுதப் புகுந்தவர். இரவுப் பணியின் இடைவேளைகளில் வரலாற்று நூல்களைப் படித்துப் பழகியவர். பிஷரின் வாழ்க்கை நம் மனத்தைப் பற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். அவர் நம்மளவுகூடப் பள்ளிப் படிப்பை முடித்தவரல்லர்.

இளமையும் கல்வியும்

பிஷரின் பெற்றோர் ஹங்கேரி நாட்டில், புடாபெஸ்ட் நகரை அடுத்த புடாகெசி என்னும் ஊரில் வாழ்ந்த ஜெர்மானியர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946ஆம் ஆண்டில் அந்நாட்டு ஜெர்மானியர் பலர் வெளியேற்றப்பட்டனர். இவர்கள் குடும்பமும் மூட்டை முடிச்சுகளுடன் தென்மேற்கு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தது. ஊர் விட்டு ஊர் வந்து வேரூன்ற முயல்வோரின் துன்பம் நம் போன்றோர்க்கு விளக்க வேண்டுவதன்று. ஆயினும் நாம் பிழைப்புக்காக விரும்பி வந்தோம். அவர்கள் விரட்டப்பட்டு வந்தனர். அந்த வேறுபாடு சிறிதன்று.

1948ஆம் ஆண்டு ஏப்ரல் 12இல் கெராபிரான் என்னும் சிற்றூரில் பிஷர் பிறந்தார். தந்தை இறைச்சிக் கடைத் தொழிலாளர். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் மார்ட்டின். ஜோசப் என்னும் பெயரை ஹங்கேரி மக்கள் செல்லமாக யோஷ்கா என்று அழைப்பர். அப்பெயரே அவருக்கு நிலைத்தது. 1965இல் அவர் உயர்நிலைப் பள்ளியை இறுதித் தேர்வு எழுதாமலே விட்டு நீங்கினார். புகைப்படத் தொழில் பயிலச் சேர்ந்து, அதனையும் ஓராண்டு அளவில் கைவிட்டார்.

அக்காலத்தில் மேற்கு ஜெர்மனியின் இளைஞர் உள்ளம் கொதித்துக் கொண்டிருந்தது. இட்லர் ஆட்சியில் அதிகாரம் செலுத்தியவர்களிற் பலர் போருக்குப் பின்னும் உயர்ந்த பதவிகளில் வீற்றிருந்தனர். "அப்போது நீங்கள் என் செய்தீர்கள்?" என்று மக்கள் தம் பெற்றோரையே வினவத் தொடங்கினர். 1967 ஜூன் 2ஆம் நாள் பெர்லினில் நடந்த ஆர்ப்பாட்டத்தின்போது பென்னோ ஓனெசோர்க் என்னும் மாணவர் போலீசாரால் சுடப்பட்டு மாண்டார். அச்செய்தி ஆயிரக்கணக்கான இளைஞரைத் தெருவுக்கு இழுத்தது. அவருள் பிஷரும் ஒருவர்.

1968இல் அவர் பிராங்க்பர்ட் நகரை அடைந்தார். பல்கலைக்கழகத்தில் பதிவு பெறாமலே அடோர்னோ, ஹாபர்மாஸ் முதலிய அறிஞர்களின் சொற்பொழிவுகளைக் கேட்டார். புரட்சி பேசும் குழுவொன்றிற் சேர்ந்தார். தொழிலாளரைத் திரட்டும் நோக்குடன் 1971இல் மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கமர்ந்து, சில திங்களில் விலக்கப்பட்டார். வெற்று வீடுகளில் புகுந்து குடியேறும் போராட்டங்களில் முன்னின்றார், போலீசாரோடு கைகலந்தார். 1973 ஏப்ரல் மாதத்தில் போலீஸ்காரர் ஒருவரை அவர் தாக்கிய காட்சி புகைப்படத்தில் பதிவாயிற்று. அப்படம் இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்து அவர் வாயிற்கதவைத் தட்டியதைப் பின்னர்க் காண்போம்.

அவருடைய தோழர் கூட்டத்தின் ஓரத்தில் சிலர் துப்பாக்கியும் வெடிகுண்டும் ஏந்தினர். ஆள் கடத்தலும் கொலையும் நடந்தன. பிஷரின் மனம் மாறிய இடம் அதுவே. 1976இல் பிராங்க்பர்ட் கூட்டமொன்றில், வெடிகுண்டு வழியைக் கைவிடுமாறு ஆயுதக் குழுவினரை அவர் வெளிப்படையாகவே கேட்டுக் கொண்டார். அவ்வாண்டிலேயே வயிற்றுப் பிழைப்புக்காக டாக்ஸி ஓட்டத் தொடங்கி, 1981 வரை ஓட்டினார். இரவெல்லாம் வண்டியில் ஏறி இறங்கும் பலவகை மனிதரின் பேச்சே தம்மை நடைமுறை அறிந்தவராக்கியது என்று அவர் பிற்காலத்தில் கூறியதுண்டு. டிக்கெட் ஜன்னலின் பின்னே அமர்ந்து உலகத்தைக் கற்றவர்கள் இதனை எளிதில் நம்புவர்.

பசுமைக் கட்சியின் பிறப்பு

இயற்கையைக் காப்பதையே அரசியற் கொள்கையாகக் கொண்ட கட்சிகள் 1972இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவிலும் நியூசிலாந்திலும் முதன் முதல் தோன்றின. ஜெர்மனியில் அவ்வியக்கத்தின் வித்து உழவர் நிலத்தில் விழுந்தது எனலாம். வீல் என்னும் ஊரில் அணுமின் நிலையம் கட்டத் திட்டமிட்டபோது, திராட்சைத் தோட்டக்காரரும் உழவரும் மாணவரும் 1975இல் அவ்விடத்தில் உட்கார்ந்து மறித்தனர். அந்நிலையம் கட்டப்படவேயில்லை. தொழிற்சாலைப் புகையால் மழைநீர் அமிலமாகி ஊசியிலைக் காடுகள் பட்டுப்போயின. அமெரிக்க அணு ஏவுகணைகளை நிறுத்தும் திட்டத்தை எதிர்த்து இலட்சக்கணக்கானோர் ஊர்வலம் சென்றனர். இவர்கள் யாவரும் ஒன்றுகூடி 1980 ஜனவரியில் கார்ல்ஸ்ரூவே நகரில் பசுமைக் கட்சியைத் தோற்றுவித்தனர். பெத்ரா கெல்லி என்னும் பெண்மணி அதன் புகழ் மிக்க தலைவர்களுள் ஒருவர்.

பிஷர் 1982இல்தான் அக்கட்சியிற் சேர்ந்தார். ஜெர்மானிய நாடாளுமன்றத்தில் இடம்பெற ஒரு கட்சி பொதுவாக நூற்றுக்கு ஐந்து வாக்குகளாவது பெறல் வேண்டும். 1983 மார்ச்சுத் தேர்தலில் பசுமைக் கட்சி 5.6 விழுக்காடு பெற்று அவ்வேலியைத் தாண்டிற்று. பூச்சட்டிகளையும், பட்டுப்போன மரக்கிளையையும் ஏந்தி அவர்கள் பான் நகரத்து நாடாளுமன்றத்துள் நுழைந்தனர். கம்பளிச் சட்டை அணிந்து, அவையிலேயே பின்னல் பின்னினர். பிஷர் அவர்களுள் சிறந்த பேச்சாளராக விளங்கினார். அவர் நாக்குக்கு வேலி இல்லை. 1984இல் அவைத் துணைத்தலைவரை இழிசொல்லால் ஏசி, கூட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். ஒருவரே நெடுநாள் பதவியில் இருத்தல் கூடாது என்பது கட்சியின் அக்கால விதி. அதன்படி 1985இல் அவர் தம் இடத்தைப் பிறிதொருவருக்கு விட்டு விலகினார்.

கட்சிக்குள் இரு பிரிவுகள் வளர்ந்தன. 'ஆட்சியிற் சேர்வது கொள்கையை விற்பது' என்றனர் ஒரு சாரார். 'ஆட்சியிற் சேராத கொள்கை காற்றிற் கரையும்' என்றனர் மற்றொரு சாரார். பிஷர் இரண்டாம் சாராரின் முன்னணியில் நின்றார்.

வெள்ளைக் காலணி அமைச்சர்

ஹெஸ்ஸே என்பது பிராங்க்பர்ட் நகரைத் தன்னகத்தே கொண்ட மாநிலம். அதன் முதலமைச்சர் ஹோல்கர் பெர்னர், சமூக ஜனநாயகக் கட்சியினர். இளமையில் கட்டட வேலை செய்தவர். பிராங்க்பர்ட் விமான நிலையத்துக்குப் புதிய ஓடுபாதை அமைப்பதற்காக அவர் ஆட்சியில் பெருங்காடு ஒன்று வெட்டப்பட்டது. மரங்களைக் காக்கக் காட்டுக்குள் குடிசை போட்டுத் தங்கிய மக்களைப் போலீசார் 1981இல் அப்புறப்படுத்தினர். அக்கோபமே பசுமைக் கட்சியை 1982இல் ஹெஸ்ஸேச் சட்டமன்றத்துக்குள் கொண்டு சேர்த்தது. தேர்தலிலோ எவருக்கும் தனிப் பெரும்பான்மை கிட்டவில்லை. காட்டை வெட்டிய பெர்னரும், காட்டைக் காக்கப் புறப்பட்ட கட்சியும் ஒரே மேசையில் அமர வேண்டியதாயிற்று.

1985 டிசம்பர் 12ஆம் நாள் பிஷர் சுற்றுச்சூழல் அமைச்சராக உறுதிமொழி ஏற்றார். கழுத்துப்பட்டை இல்லை, காலில் விளையாட்டு வீரர் அணியும் வெள்ளைக் காலணி. நாடெங்கும் அதுவே பேச்சாயிற்று. அக்காலணி பிற்காலத்தில் அருங்காட்சியகப் பொருளாகவும் ஆயிற்று. அதை நோக்கி நகைத்தவரும் உண்டு. 'நம்மவர் ஒருவர் உள்ளே சென்றார்' என்று மகிழ்ந்தவரும் உண்டு.

நகைப்புக்குரிய காலமாக அது நெடுநாள் இருக்கவில்லை. 1986 ஏப்ரல் 26இல் சோவியத் நாட்டின் செர்னோபில் அணு உலை வெடித்தது. அதன் நஞ்சு காற்றோடு வந்து ஜெர்மனியின் கீரைப் பாத்திகளிலும் பசும்புல்லிலும் படிந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா, மணலில் விளையாட விடலாமா என்று தாய்மார் அரசைக் கேட்டனர். அணுவை எதிர்த்துத் தெருவில் நின்றவர் இப்போது விடை சொல்லும் நாற்காலியில் இருந்தார்.

அதே மாநிலத்தில் ஹனாவு என்னும் ஊரில் அணு உலை எரிபொருள் செய்யும் ஆலைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று புளுட்டோனியத்தைக் கையாண்டது. அதற்கு உரிமம் வழங்கக் கூட்டணியின் பெரிய கட்சி முனைந்தபோது பசுமைக் கட்சி உடன்படவில்லை. உரிமம் வழங்கினால் ஆட்சியை விட்டு விலகுவோம் என்றது. 1987 பிப்ரவரியில் பெர்னர் பிஷரைப் பதவிநீக்கம் செய்தார். அமைச்சர் வாழ்வு பதினான்கு திங்களில் முடிந்தது. அடுத்து வந்த தேர்தலில் ஆட்சியே மாற்றாருக்குச் சென்றது.

இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். பதவிக்காக எதையும் விட்டுக்கொடுப்பவர் என்று பிஷரைப் பழித்தவர் பலர். ஹனாவு விவகாரத்திலோ அவர் பதவியை இழந்தார், கொள்கையை விடவில்லை. 1991இல் ஹான்ஸ் ஐக்கெல் என்பாரின் அமைச்சரவையில் அவர் மீண்டும் சுற்றுச்சூழல் அமைச்சரானார். அவ்வாண்டிலேயே, விபத்தொன்றின் பின், ஹனாவு ஆலையின் வேலை நிறுத்தப்பட்டது. அது மறுபடி இயங்கவில்லை. பக்கத்திலே கட்டப்பட்டு வந்த புதிய ஆலையும் திறக்கப்படாமலே 1995இல் கைவிடப்பட்டது. தெருவில் நின்று கேட்டபோது கிடைக்காதது, கோப்பில் கையெழுத்திடும் இடத்திலிருந்து கேட்டபோது கிடைத்தது. ஆபீசில் கோப்பு நகரும் விதம் அறிந்த நமக்கு இதன் உட்பொருள் விளங்கும்.

வெளிநாட்டு அமைச்சர்

1990 டிசம்பரில் நடந்த முதல் ஒன்றுபட்ட ஜெர்மனித் தேர்தலில் மேற்குப் பகுதிப் பசுமைக் கட்சி ஐந்து விழுக்காட்டு வேலியைத் தாண்ட இயலாமல் வெளியே நின்றது. கிழக்குப் பகுதியில் தோழமைக் கட்சிகள் எட்டு இடங்களைப் பெற்றன. 1993இல் இருவரும் ஒன்றாயினர். 1994இல் பிஷர் நாடாளுமன்றம் திரும்பினார். 1998 செப்டம்பர்த் தேர்தலில், பதினாறு ஆண்டுகள் ஆண்ட ஹெல்முட் கோல் தோல்வியுற்றார். சமூக ஜனநாயகக் கட்சியின் கெர்ஹார்ட் ஷ்ரோடர் பிரதமரானார், 6.7 விழுக்காடு பெற்ற பசுமைக் கட்சி உடன் சேர்ந்தது. 1998 அக்டோபர் 27இல் பிஷர் வெளிநாட்டு அமைச்சரும் துணைப் பிரதமரும் ஆனார். இம்முறை வெள்ளைக் காலணி இல்லை. மூன்று துண்டு உடை.

பதவியேற்று ஐந்து திங்கள் கழியுமுன் அவருடைய பெருஞ்சோதனை வந்தது. கொசோவோப் பகுதியில் செர்பியப் படைகள் அல்பேனிய மக்களை வீடு வாசலினின்றும் விரட்டின. 1999 மார்ச்சு 24இல் வட அட்லாண்டிக் ஒப்பந்த நாடுகள் யுகோஸ்லாவியாவின்மீது குண்டு வீசத் தொடங்கின. ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புக் குழுவினது இசைவு பெறப்படவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியப் படை போரிற் புகுந்தது அதுவே முதன்முறை. போர் வேண்டா என்று பிறந்த கட்சியின் தலைவர், போருக்கு இசைந்த அரசின் வெளிநாட்டு அமைச்சராக நின்றார்.

1999 மே 13இல் பீலபெல்ட் நகரில் கட்சியின் தனி மாநாடு கூடியது. வாயிலில் போலீஸ் காவல், உள்ளே கூச்சல். மேடையில் அமர்ந்திருந்த பிஷரின்மீது ஒருவர் சிவப்பு வண்ணப் பையை வீசினார். அது காதில் தாக்கிச் செவிப்பறை கிழிந்தது. சட்டையில் வண்ணம் வடிய அவர் எழுந்து பேசினார். 'இனி ஒருபோதும் போர் வேண்டா' என்பதும், 'இனி ஒருபோதும் இனப்படுகொலை வேண்டா' என்பதும் ஆகிய இரண்டையும் கற்றே தாம் வளர்ந்ததாகவும், இரண்டும் மோதும்போது இரண்டாவதைக் கைவிடத் தம்மால் இயலாது என்றும் வாதிட்டார். 1995இல் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிசாவில் நடந்த படுகொலையே தம் கருத்தை மாற்றியது என்பது அவர் கொள்கை. மாநாட்டின் பெரும்பான்மை அவர் பக்கம் நின்றது. ஆனால் பலர் கண்ணீரோடு கட்சியை விட்டு நீங்கினர். குண்டுவீச்சு 78 நாட்கள் நடந்தது; அதில் குற்றமற்ற பொதுமக்களும் மாண்டனர். ரஷியாவையும் சேர்த்து அமைதிக்கு வழி காணும் திட்டமொன்றை பிஷர் முன்வைத்து உழைத்தார் என்பதும் கூறத்தக்கது. அவர் செய்தது சரியோ பிழையோ என்று தீர்ப்புரைக்க நாம் துணியோம். எளிதான முடிவு அவர்க்கு வாய்க்கவில்லை என்று மட்டும் கூறுவோம்.

2001இல், பழைய புகைப்படம் பத்திரிகையில் வெளியாயிற்று. அமைச்சர் பதவி விலகுக என்ற குரல் எழுந்தது. பிஷர் மறுக்கவில்லை, மறைக்கவுமில்லை. தாம் செய்ததை ஒப்புக்கொண்டு, அடிபட்ட போலீஸ்காரரிடம் மன்னிப்புக் கோரினார். பதவி நிலைத்தது.

2003 பிப்ரவரியில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கும் முறை ஜெர்மனிக்கு வந்தது. இராக்கின்மீது படையெடுக்க அமெரிக்கா காரணம் காட்டிய கூட்டத்தில் தலைமை இருக்கையில் அமர்ந்திருந்தவர் பிஷரே. சில நாட்களுக்குப் பின் மியூனிச் நகர மாநாட்டில், அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் முன்னிலையில், அக்காரணங்கள் தமக்கு நம்பிக்கை அளிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே கூறினார். ஜெர்மனி அப்போரிற் சேரவில்லை. கொசோவோவுக்கு இசைந்தவரே இராக்குக்கு மறுத்தார். நம் நாட்டோடும் அவர் காலத்துக்குத் தொடர்புண்டு: 2004இல் இந்தியா, ஜெர்மனி, ஜப்பான், பிரேசில் ஆகிய நான்கும், பாதுகாப்புக் குழுவில் நிலையான இடம் பெற ஒன்றையொன்று ஆதரிப்பதென இசைந்தன.

ஆட்சியின் பயன்

அந்த ஏழாண்டு ஆட்சியில் உள்நாட்டில் விளைந்தவை பல. 2000 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம், அயல்நாட்டிலிருந்து வந்து குடியேறியோரின் குழந்தைகள் ஜெர்மன் மண்ணிற் பிறந்தாலே குடியுரிமை பெற வழி திறந்தது. அதற்குப் பெற்றோர் அந்நாட்டில் வாழ்ந்த கால அளவு ஒரு நிபந்தனை. 2000 ஏப்ரலில் வந்த சட்டம் காற்றிலும் கதிரவன் ஒளியிலும் மின்சாரம் எடுப்போர்க்கு நிலையான விலையை உறுதி செய்தது. அணுமின் நிலையங்களைப் படிப்படியாக மூட 2000 ஜூனில் மின் நிறுவனங்களோடு உடன்பாடு ஏற்பட்டு, 2002இல் சட்டமாயிற்று. உடனே மூட வேண்டும் என்றவர்கள் இதனையும் துரோகம் என்றனர். பின்வந்த அரசு 2010இல் காலக்கெடுவை நீட்டிற்று. 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமா விபத்துக்குப் பின் அதே அரசு மனம் மாறிற்று. உக்ரைன் போரால் எரிவாயு தட்டுப்பட்டபோது, பசுமைக் கட்சி பங்கேற்ற அரசே இறுதி மூன்று நிலையங்களுக்குச் சில திங்கள் தவணை தந்தது. 2023 ஏப்ரல் 15இல் அவையும் அணைந்தன. வீல் ஊர் உழவர் மறியலில் அமர்ந்ததற்கும் இதற்கும் இடையே நாற்பத்தெட்டு ஆண்டுகள்.

2005இல் அயல்நாட்டார்க்கு நுழைவுரிமை வழங்குவதில் நேர்ந்த முறைகேடுகள் பற்றி நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, பிழைக்குப் பொறுப்பேற்று பிஷர் மணிக்கணக்காக விடையளித்தார். அவ்வாண்டுத் தேர்தலில் ஆட்சி போயிற்று. நவம்பரில் பதவி நீங்கி, 2006இல் நாடாளுமன்ற இடத்தையும் துறந்தார். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னார். பள்ளித் தேர்வு எழுதாதவர் பல்கலைக்கழக மேடை ஏறினார். பின்னர் 'நபுக்கோ' என்னும் எரிவாயுக் குழாய்த் திட்டத்துக்கு ஆலோசகரானது பழைய தோழர் பலருக்குப் பிடிக்கவில்லை. அதையும் மறைக்காமற் சொல்வதே வரலாற்றுக்கு அழகு. 2021 டிசம்பரில் அன்னலேனா பேர்பாக் அதே கட்சியிலிருந்து வெளிநாட்டு அமைச்சராகி 2025 மே வரை பணியாற்றினார். பிஷர் திறந்த கதவு மூடப்படவில்லை.

நம் காலனியின் பதினொரு மரங்கள்

இனி நம் கதை. சில ஆண்டுகளுக்கு முன், புதிய இருப்புப்பாதைக்காக, நம் குவார்ட்டர்ஸ் வரிசைக்கு எதிரே நின்ற பதினொரு தூங்குமூஞ்சி மரங்களையும் வெட்டக் குறியிட்டனர். நாம் எல்லோரும் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தோம். பெண்களும் குழந்தைகளும் மரத்தடியில் அமர்ந்தனர். அப்போது நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் அதிகாரிகளின் குழுவில் உறுப்பினராக இசைந்தார். மூன்று திங்கள் பேசி, பாதையைச் சிறிது விலக்கச் செய்து, ஏழு மரங்களைக் காத்து, நான்கைக் கொடுத்து வந்தார்.

அன்றிரவு சங்கக் கூட்டத்தில், "நான்கு மரத்தை விற்றுவிட்டு வந்தீரே!" என்று எழுந்து நின்று கேட்டவர்களுள் நாமும் ஒருவர். அவர் விடை கூறவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு சென்றார். மறு ஆண்டு பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். அவரை வழியனுப்ப ஸ்டேஷனுக்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்க எண்ணிச் சென்றோம். வண்டி புறப்படும் வரை வேறு ஏதேதோ பேசிவிட்டுத் திரும்பினோம்.

பிஷரின் வரலாற்றைப் படித்த பின்னர் ஒன்று விளங்கிற்று. வெளியே நின்று பதினொன்றையும் கேட்பவர் இல்லையாயின், உள்ளே சென்றவரால் ஏழைப் பெற இயலாது. உள்ளே செல்பவர் இல்லையாயின், வெளியே நின்றவர்க்கு ஒன்றும் மிஞ்சாது. இருவரும் ஒருவரையொருவர் துரோகி என்றும் வீணர் என்றும் ஏசிக்கொள்வதே பெருங்கேடு. வெட்டுண்ட நான்கின் அடிக்கட்டைகள் இன்றும் அங்கே உள்ளன. அவற்றை மறக்கவும் கூடாது. ஆனால் இவ்வாண்டு விழாவுக்குக் குழந்தைகள் கோலாட்டம் பழகியது அந்த ஏழு மரங்களின் நிழலில்தான்.

இம்மலர் தபாலில் அப்பெரியவரின் ஊருக்கும் செல்லும். ஸ்டேஷனில் சொல்லத் தவறியதை ஈண்டு எழுதிவிட்டோம்.